தாய்ப்பாகு

நாத்தனாரை இவ்வளவு மோசமாக எழுத வேண்டுமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். நான் குறைத்துத்தான் எழுதி வருகிறேன் என்பதை இந்த வாரம் படித்துவிட்டு அவர்களே ஒப்புக்கொள்வார்கள். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது ஒரு ஜெல்லி மிட்டாய்க் குடும்பத்தின் கதை. ஆலையை ஆரம்பித்தவர் பெரியவர். அலுவலகம், ஏற்றுமதி, வீடு, அடுத்தவர் விவகாரம் எல்லாவற்றையும் நடத்துகிறவள் அவருடைய மூத்த மகள். பாகு காய்ச்சுகிற பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவன் அவளுடைய தம்பி, சின்னவன். அவன் காதலித்துக் கட்டிக்கொண்டது ஒரு பல் டாக்டரை. புருஷன் பல்லைக் கெடுப்பான், பெண்டாட்டி பிடுங்குவாள், காசு வீட்டைவிட்டு வெளியே போகாது என்று கல்யாண விருந்திலேயே ஜோக் அடித்தார்கள்.

அந்தச் சிரிப்போடு நின்றிருந்தால் தேவலை. பல் டாக்டர் முஸ்லிம் வீட்டுப் பெண். மிட்டாய்க்குச் சேர்க்கிற ஜெலட்டினோ பன்றித்தோலில் எடுத்தது. அதனால் புகுந்த வீட்டு மிட்டாயை அவள் வாயில் வைத்ததே இல்லை. அதற்காகச் சண்டை போட்டதும் இல்லை. "எனக்கு வேண்டாம்" என்று நகர்ந்துவிடுவாள். நாத்தனார்தான் விடவில்லை. விருந்தாளி யார் வந்தாலும் தட்டை முதலில் தம்பி மனைவியிடம்தான் நீட்டுவாள். அவள் மறுத்ததும், "நாங்க விக்கிற பொருள் எங்க வீட்டுப் பொண்ணுக்கே ஆகாதுங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிச் சிரிப்பாள். வருஷக்கணக்கில் அதே தட்டு, அதே சிரிப்பு.

அப்புறம்தான் அந்த வெளிநாட்டு வியாபாரி வந்தார். ஹலால் சான்றிதழ் வாங்கிவிடுங்கள், எவ்வளவு காய்ச்சினாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். நாத்தனாருக்கு ராத்திரியோடு ராத்திரியாக மார்க்கத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது. முறைப்படி அறுத்த மாட்டின் தோலில் எடுத்த புது ஜெலட்டின் வந்து இறங்கியது. சான்றிதழ் கொடுக்கிற இடத்திலிருந்து மார்க்கக் கல்வி படித்த ஒரு ஆலிம் வந்தார். அவரை எல்லோரும் ஹஜ்ரத் என்றே கூப்பிட்டார்கள். அவர் பக்கத்தில் நின்று பார்க்க, பன்றி பட்டதற்கான முறைப்படி பாத்திரங்களை எல்லாம் ஏழு தடவை கழுவினார்கள். அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால் கழுவியதும் உண்டு.

ஆலைக்கு ஹலால் பொறுப்பாளராக ஒரு முஸ்லிம் இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. ஆலையில் அப்படி ஒருவரும் கிடையாது. பெரியவர் காலத்திலிருந்தே எடுத்ததில்லை, ஏன் எடுக்கவில்லை என்று யாரும் கேட்டதும் இல்லை. இப்போது அவசரத்துக்கு வீட்டுக்குள்ளேயே ஒருத்தி இருப்பது நாத்தனாருக்கு ஞாபகம் வந்தது. பல் டாக்டர் பொறுப்பாளர் ஆனாள்.

புதுச் சரக்கின் முதல் மிட்டாயைச் சின்னவன் வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் அவளுக்கு ஊட்டினான். அவள் கண் கலங்கிக்கொண்டே மென்றாள். வீடே கைதட்டியது. அது போன மாதம். இன்றைக்குக் கடைசி ஆய்வு. தேறிவிட்டால் சான்றிதழ் கைக்கு வந்துவிடும்.

•

காலையில் பல் டாக்டர் தலை வாரிக்கொண்டிருந்தபோது நாத்தனார் அறைக்குள் வந்தாள். கதவைத் தட்டுகிற பழக்கம் அவளுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. கையில் விலைச்சீட்டுகூடக் கிழிக்காத ஒரு புதுத் துணி.

"இதை இன்னிக்குத் தலையில போட்டுக்கோ."

"என்ன அண்ணி இது?"

"முக்காடுதான். உன் டிரஸ்சுக்கு மேட்சாப் பார்த்து வாங்கினேன்."

"தொழும்போது போட்டுக்க என்கிட்டயே இருக்கு அண்ணி. வேலைக்குப் போகும்போது நான் போடறதில்ல. உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். வர்றவங்களுக்குத் தெரியாதுல்ல. பொறுப்பாளர்னா பார்த்த உடனே தெரியணும்."

கல்யாண வரவேற்பு அன்று, பல் டாக்டருக்கு அவள் அம்மா ஆசையாகப் போட்டுவிட்ட முக்காட்டை, போட்டோவில் நன்றாக விழாது என்று சொல்லி எடுக்க வைத்தவள் இதே நாத்தனார்தான். அன்றைக்கு எடு, இன்றைக்குப் போடு. தலை ஒன்றுதான், அது யாருடைய தலை என்பதுதான் இந்த வீட்டில் யாருக்கும் முக்கியமில்லை. பல் டாக்டர் துணியை மடித்து நாத்தனாரின் கையிலேயே கொடுத்தாள்.

"நான் எப்பவும் இருக்கிற மாதிரியே வர்றேன் அண்ணி. இதுல ஒண்ணும் பொய் வேண்டாம்."

"உடனே பொய் கிய்யின்னு பெரிய வார்த்தை பேசாதே. சரி, அதை விடு. தொழுகை ரூம் ஒண்ணு ரெடி பண்ணியாச்சு. எந்தப் பக்கம் பார்த்து நிக்கணும்னு ஒரு அம்புக்குறி ஒட்டணுமாமே. ஜன்னல் பக்கமா ஒட்டிட்டேன். அங்கதான் நல்ல வெளிச்சம்."

பல் டாக்டர் சீப்பைக் கீழே வைத்தாள். "வெளிச்சம் பார்த்து ஒட்டறது இல்ல அண்ணி அது."

"அப்ப எந்தப் பக்கம்னு சொல்லு, மாத்தி ஒட்டிடறேன். அதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வச்சுக்கற?"

திசையைச் சொன்னாள். நாத்தனார் அதைப் போனில் யாருக்கோ அப்படியே ஒப்பித்தாள். பீரோ பக்கமா, ஆமா, பீரோ பக்கமா, பழைய டேப் தெரியாம எடு என்றாள்.

"நீ பத்து மணிக்கு மேல வந்தா போதும். சீக்கிரமா வந்து அங்க நின்னு என்ன பண்ணப்போற?"

"இப்பவே வர்றேன் அண்ணி. கேள்வி கேட்டா நான் கண்ணால பார்த்ததைத்தானே சொல்லணும். இதுவரைக்கும் நீங்க என்னைக் காய்ச்சற பக்கம் விட்டதே இல்லையே."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். சின்னவன் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாடாவைக் கட்ட அவ்வளவு நேரம் ஆகாது.

"உன் இஷ்டம். அப்பாவை மட்டும் இன்னிக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டேன். வந்தா வாசல்லயே உட்கார்ந்து பழங்கதை ஆரம்பிச்சுடுவார்," என்று சொல்லிவிட்டு நாத்தனார் துணியோடு போனாள்.

•

காய்ச்சுகிற கூடத்துக்குள் நுழைந்ததுமே சர்க்கரை ஆவி முகத்தில் ஒட்டிக்கொண்டது. பெரிய பெரிய சட்டிகள் பளபளவென்று இருந்தன. தரையை அன்று காலை மூன்று தடவை துடைத்திருப்பார்கள், செருப்பு வழுக்கியது. சுவரில் புதிதாகத் தொங்கவிட்ட பலகைகள். கை கழுவவும், தலையுறை அணியவும், ஹலால் நம் பெருமை. அந்தக் கடைசிப் பலகையை யார் எழுதச் சொன்னது என்று கேட்கவே வேண்டாம்.

மிட்டாய் செய்கிற விதம் சுலபம்தான். சர்க்கரையும் ஜெலட்டினும் சேர்த்துக் காய்ச்சிய பாகைப் பெரிய தட்டுகளில் ஊற்றி ஆற வைப்பார்கள். உறைந்ததும் துண்டுகளாக வெட்டுவார்கள். தட்டின் ஓரத்தில் கோணலாக நிற்கிற துண்டுகள் பொட்டலத்துக்குப் போகாது.

பல் டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாகு மாஸ்டர் மூலையில் இருந்த ட்ரம்மைத் திறந்தார். ஒரு வாளி நிறையத் துண்டுகளை அள்ளினார். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஒன்றோடொன்று ஒட்டிக் கொழகொழவென்று கிடந்தன. அதை அப்படியே கொதிக்கிற சட்டியில் கவிழ்த்தார்.

"மாஸ்டர், அது என்ன?"

"ஓரம்தாம்மா. நேத்து வெட்டினது."

"அதை எதுக்கு இதுல கொட்டறீங்க?"

"தாய்ப்பாகும்மா இது!" மாஸ்டருக்கு இது தெரியாத மருமகளா என்று ஆச்சரியம். "நேத்து ஓரம் இன்னிக்குச் சட்டியில போகும், இன்னிக்கு ஓரம் நாளைக்குப் போகும். ஐயா ஆலை ஆரம்பிச்ச நாள்லேருந்து இப்படித்தான். இது விழாம ஒரு சட்டி இறக்கினாக்கூட ஐயா உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார்."

பெரியவர் ஆலைக்கு வருகிற எல்லோரிடமும் இதைத்தான் சொல்வார். 'நான் முதல் நாள் காய்ச்சின பாகு இன்னிக்கும் இந்தச் சட்டியில இருக்கு. தயிருக்கு உறை ஊத்தற மாதிரி. அதனாலதான் நம்ம ருசி மாறவே இல்ல.' பல் டாக்டரும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். என்ன அழகாகப் பேசுகிறார் மனுஷன் என்று அன்றைக்கு நினைத்தாள். அது பேச்சு இல்லை, செய்முறை என்பது இப்போதுதான் விளங்கியது.

"சட்டியெல்லாம் கழுவினோமே மாஸ்டர், போன மாசம். அதுக்கு மறுநாள் காய்ச்சினப்போ?"

"அன்னிக்கும் போட்டோம்மா. ஓரம் ட்ரம்முல பத்திரமா இருந்துச்சே. அவங்க சட்டியைத்தானே கழுவச் சொன்னாங்க?"

சட்டியைத்தான் கழுவச் சொன்னார்கள். ஏழு தடவை கழுவினார்கள், மண் போட்டுக் கழுவினார்கள், நாத்தனார் வீடியோ எடுத்து வெளிநாட்டுக்காரருக்கே அனுப்பினாள். பழைய ஜெலட்டின் மூட்டைகளை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் காலையில், அதே பழைய ஜெலட்டினில் காய்ச்சிய மிட்டாயின் ஓரங்களை வாளியில் அள்ளி, கழுவிக் காய வைத்த சட்டியிலேயே கொட்டினார்கள். அன்றைய ஓரம் அடுத்த நாளைக்கு. அடுத்த நாள் ஓரம் அதற்கடுத்த நாளைக்கு. இந்த ஜென்மத்தில் இது தீராது. இப்படிச் செய்வதற்கு ஒரு தனிப் புத்தி வேண்டும்.

பல் டாக்டருக்கு அந்த முதல் மிட்டாய் ஞாபகம் வந்தது. சின்னவன் விரல், அந்தச் சிவப்புத் துண்டு, நாக்கில் கரைந்த இனிப்பு, கைதட்டல். அடுத்தடுத்த நாட்களில் அவளே கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும் வந்தது. க்ளினிக் மேஜை இழுப்பறையில்கூட ஒரு பொட்டலம் இருக்கிறது.

வாயைப் பொத்திக்கொண்டு கை கழுவுகிற தொட்டிக்கு ஓடினாள். காலையில் குடித்த காபி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை, ஆனாலும் வயிறு நிறுத்தவில்லை. மஞ்சளாகக் கசப்பு வந்தது. போன மாதம் விழுங்கியது இன்றைக்கு வெளியே வராது என்று ஒரு டாக்டருக்குத் தெரியாதா? அவளுக்குத் தெரிந்தது, வயிற்றுக்குத் தெரியவில்லை.

•

சின்னவன் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தான்.

"என்னாச்சு? இதுக்குத்தான் வெறும் வயித்தோட வராதேன்னு சொன்னேன்."

"ஓரம்," என்றாள்.

அவன் பாட்டில் மூடியைத் திறப்பதை நிறுத்தினான்.

"நீங்க எனக்கு ஊட்டினதுல அது இருந்துச்சா?"

"ஒரு சட்டிக்கு ஒரே ஒரு வாளிதான். அதுலயும் பழைய ஜெலட்டின்னு பார்த்தா எத்தனூண்டு..."

"இருந்துச்சா, இல்லையா?"

"இருந்திருக்கும்." அவன் குரல் இறங்கியது. "எனக்கு அப்ப தோணவே இல்லம்மா. சத்தியமாச் சொல்றேன். பொறந்ததிலேருந்து பார்க்கிறேன். உப்பு, சர்க்கரை மாதிரி அது பாட்டுக்குப் போகும். அதைத் தனியா ஒரு சரக்குன்னே நான் நினைச்சதில்ல."

அவள் நம்பினாள். அவரவர் வீட்டு வாசனை அவரவருக்குத் தெரிவதில்லையே, அப்படித்தான் என்று நினைத்தாள். நம்ப ஆசைப்பட்டாள் என்று சொல்வது இன்னும் சரியாக இருக்கும். அந்த ஆசையில்தானே இத்தனை வருஷம் அந்த வீட்டில் இருக்கிறாள்.

"அப்ப இன்னிக்கு வர்றவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. தெரியாம நடந்துபோச்சு, இப்பதான் கவனிச்சோம்னு சொல்லுங்க. என்னவோ ஆகட்டும். நான் உங்க பக்கத்துலயே நிக்கறேன்."

"சொல்லிடறேன்."

"அண்ணி முறைச்சா மாத்திப் பேசக்கூடாது."

"சொல்றேன்னுதானே சொல்றேன்! முதல்ல மூஞ்சியைக் கழுவு, வந்துடுவாங்க."

அவள் முகம் கழுவித் திரும்பி வந்தபோது மூலையில் ட்ரம் இல்லை. அது இருந்த இடத்தில் பூந்தொட்டி ஒன்று நின்றது. தரையில் ட்ரம் உருட்டிக்கொண்டு போன ஈரத்தடம் ஜெனரேட்டர் அறை வரைக்கும் போயிருந்தது. நாத்தனார் ஒரு கையில் வாசனை ஸ்ப்ரேயோடு நின்று, "சிரிச்ச மூஞ்சியா இரு, என்ன!" என்றாள்.

•

ஹஜ்ரத்தும், அவரோடு உணவு ஆய்வாளர் அம்மா ஒருவரும் வந்தார்கள். ஹஜ்ரத் வயதானவர், மெதுவாக நடந்தார். பார்க்கிற எல்லோருக்கும், கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்குக்கூட, தலையசைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

முதலில் தொழுகை அறை. நேற்று வரைக்கும் உடைந்த அட்டைப்பெட்டி போட்டு வைத்த அறை அது. பெயின்ட் வாடையும் எலி வாடையும் கலந்து அடித்தது. விரித்த பாயில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. பீரோ பக்கம் அம்புக்குறி, ஜன்னல் பக்கம் டேப் உரித்த தழும்பு. ஹஜ்ரத் இரண்டையும் பார்த்தார்.

"அம்பு இடம் மாறியிருக்கு போல?"

"அது வந்துங்க, இன்னும் நல்லாத் தெரியட்டும்னு மாத்தினோம்," என்றாள் நாத்தனார். "எங்க வீட்டுப் பொண்ணு இங்கதான் தினமும் தொழுவா."

பல் டாக்டர் இன்றைக்குத்தான் அந்த அறையை முதன்முதலாகப் பார்க்கிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் சின்னவனே எல்லாவற்றையும் சொல்லப்போகிறான், அதுவரைக்கும் பொறுத்துக்கொள்வோம் என்று இருந்தாள்.

ஆய்வாளர் அம்மா கிடங்கைப் பார்த்தார், ஜெலட்டின் மூட்டையைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்தார், சட்டிகளைத் தொட்டுப் பார்த்தார். வெட்டுகிற இடத்துக்கு வந்ததும் நின்றார்.

"ஓரத்துல நிக்கறது, உடைஞ்சது, கோணலா வந்தது, இதெல்லாம் என்ன பண்றீங்க?"

பல் டாக்டர் சின்னவனைப் பார்த்தாள். சின்னவன் அக்காவைப் பார்த்தான். அக்கா யாரையும் பார்க்கவில்லை, அவளுக்குத் தேவையும் இல்லை.

"அதெல்லாம் அன்னன்னிக்கே அழிச்சுடுவோம் மேடம். சுத்தம்னு வந்துட்டா எங்கப்பா ரொம்பக் கண்டிப்பு."

"உற்பத்தி பார்க்கிறது நீங்கதானே சார்?"

"ஆமா மேடம்," என்றான் சின்னவன். "அழிச்சுடுவோம்."

சீ! இந்த ஒரு எழுத்தை எழுதிவிட்டு அடுத்த வரிக்கு வர எனக்கே கொஞ்ச நேரம் ஆனது. ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை, கட்டிய மனைவி வாந்தி எடுத்த தொட்டி இன்னும் காயவில்லை. நாத்தனார் பொய் சொல்வாள் என்பது ஊருக்கே தெரியும், அது அவளுக்கு மூச்சு விடுவது போல. இவன் சத்தியம் செய்த வாயால் சொன்னான்.

நாத்தனார் இதற்குள் கண்ணாடித் தட்டில் மிட்டாயை அடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். எத்தனையோ வருஷம் பல் டாக்டர் முன்னால் நீட்டிய அதே பாவனை, அதே சிரிப்பு.

"ஹஜ்ரத்தான் முதல்ல எடுத்துக்கணும்."

"எனக்கு இனிப்பு அவ்வளவா ஒத்துக்காதும்மா," என்று ஹஜ்ரத் சிரித்தார். பிறகு பல் டாக்டர் பக்கம் திரும்பினார். "ஆனா நம்ம பொண்ணு பொறுப்புல தயாராகிற சரக்கு. வேண்டாம்னு சொன்னா நல்லா இருக்காது. நீங்க சாப்பிட்டுப் பார்த்தீங்களா மகளே?"

"சாப்பிட்டேன் ஹஜ்ரத்."

"அப்புறம் என்ன?" என்று ஒரு சிவப்புத் துண்டை எடுத்தார். இறைவன் பெயரைச் சொல்லி, பிஸ்மி ஓதிவிட்டு வாய்க்குக் கொண்டுபோனார்.

அந்த மனிதர் தட்டை நம்பவில்லை, பலகையை நம்பவில்லை, மூட்டையை நம்பவில்லை. அவளை நம்பி வாயைத் திறந்தார். பல் டாக்டர் கையை நீட்டித் தடுத்தாள்.

"வேண்டாம் ஹஜ்ரத். வாயில வைக்காதீங்க."

அவர் கை அப்படியே நின்றது.

நாத்தனார் கலகலவென்று சிரித்தாள். "பல் டாக்டர் புத்தி பாருங்க! யார் மிட்டாய் எடுத்தாலும் இப்படித்தான், சொத்தை விழும்னு மிரட்டுவா. நீங்க சாப்பிடுங்க ஹஜ்ரத்."

"சொத்தைக்காகச் சொல்லல. இதுல பழைய சரக்கு கலந்திருக்கு. வெட்டற ஓரத்தை அழிக்கறது இல்ல, மறுநாள் பாகுல கொட்டறாங்க. நீங்க நின்னு கழுவ வச்ச சட்டியிலயும் மறுநாளே பழைய ஓரத்தைக் கொட்டினாங்க. அன்னிலேருந்து எல்லாச் சட்டியிலயும் அது இருக்கு. காலையிலதான் நான் பார்த்தேன். ட்ரம் ஜெனரேட்டர் ரூம்ல இருக்கு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "தெரியாம நானும் சாப்பிட்டேன்."

ஹஜ்ரத் துண்டைத் தட்டில் வைத்தார். தொட்டிக்குப் போய் விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார்.

"தெரியாம சாப்பிட்டது உங்க மேல குத்தம் இல்ல மகளே," என்றார். "அதை மனசுல வச்சு மருகாதீங்க."

"அவ்வளவும் பொய்!" என்று நாத்தனார் கத்தினாள். "வீட்ல என் மேல இருக்கிற கோபத்தை இங்க வந்து கொட்டறா. ஓரமாவது மண்ணாவது! அப்படி ஒரு வழக்கமே எங்க ஆலையில கிடையாது."

"யாரு கிடையாதுன்னு சொன்னது?"

வாசலில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். ஆலைக்கு வர வேண்டாம் என்றால் அவர் வராமல் இருந்துவிடுவார் என்று அவர் மகள் நினைத்ததுதான் தப்பு. காய்ச்சலில் படுத்த நாளில்கூட வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போவார்.

"என் தாய்ப்பாகைக் கிடையாதுன்னு சொல்ல நீ யாரு?" என்று மகளைக் கேட்டார். பிறகு வந்தவர்களைப் பார்த்துப் பெருமையாக ஆரம்பித்தார். "நான் முதல் நாள் காய்ச்சின பாகு இன்னிக்கும் இந்தச் சட்டியில இருக்குங்க. தயிருக்கு உறை ஊத்தற மாதிரி..."

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க!"

"எதுக்குச் சும்மா இருக்கணும்? திருடினேனா?" பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மருமகளின் வெளுத்த முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "நீ ஏன் டாக்டரம்மா இப்படி இருக்கே? உனக்குத் தெரிஞ்சதுதானே? அன்னிக்கு உனக்கு ஊட்டறதுக்கு முன்னாடியே நான் இவன்கிட்டக் கேட்டேன். இதுலயும் ஓரம் விழுந்திருக்கேடா, அவளுக்கு ஆகாதேன்னு. 'அவளுக்கு எங்க தெரியப்போகுதுப்பா'ன்னான். சரி, புருஷன் பெண்டாட்டி ஏதோ பேசி முடிச்சுட்டீங்கன்னு நானும் விட்டுட்டேன்."

அவர் மனதில் கள்ளம் இல்லை. மழை வருமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். பல் டாக்டர் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் மறுக்கவில்லை. மறுபடியும் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் அந்தக் கண்ணைப் பார்த்து நம்பினோமே என்று அவளுக்கு உடம்பு கூசியது.

தெரியாமல் ஊட்டினான் என்றால் அது பிசகு. அவன் தெரிந்தே ஊட்டிவிட்டு, அவள் கண் கலங்கியதைப் பார்த்துக்கொண்டே, எல்லோரோடும் சேர்ந்து கைதட்டியிருக்கிறான்.

ஹஜ்ரத் கிளம்பினார். வாசலில் நின்று நாத்தனாரிடம் சொன்னார்.

"அந்த ட்ரம், அதுல இருக்கிறது, காய்ச்சி வச்ச மிட்டாய், ஒண்ணு விடாம எல்லாம் போகணும். சட்டியை மறுபடி கழுவணும். எல்லாத்தையும் இந்தப் பொண்ணு நின்னு பார்த்துச் சரின்னு சொன்னா எனக்குச் சொல்லி அனுப்புங்க, வர்றேன். பொறுப்பாளர்னு வேற யார் பேரைப் போட்டாலும் நான் வரமாட்டேன்."

வந்தவர்களின் கார் இன்னும் தெருமுனைகூடத் திரும்பவில்லை. அதுவரை பொய்க்காரியாக இருந்தவள் நாத்தனாருக்குத் தங்கமாகிவிட்டாள்.

"தங்கம், இங்க வா, ஆபீஸ்ல உட்காரு. ஏசி போடச் சொல்றேன். காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலையே நீ!" என்று தோளைப் பிடித்தாள். சற்று முன் தட்டை நீட்டிய அதே கை.

பல் டாக்டர் அந்தக் கையை ஒரு விரலால் எடுத்துவிட்டு வெளியே நடந்தாள்.

•

சின்னவன் பின்னாலேயே ஓடி வந்தான். அவள் டாக்ஸியில் ஏறிக் கதவைச் சாத்தப்போனாள். அவன் பிடித்துக்கொண்டான்.

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. உனக்காகத்தான் செஞ்சேன். எத்தனை நாள் அக்கா உன்னைக் குத்திக்காட்டிட்டே இருப்பா? ஒரு தடவை எல்லார் முன்னாடியும் சாப்பிட்டுட்டா அந்தப் பேச்சு முடிஞ்சிடும், நீயும் எங்கள்ல ஒருத்தி ஆயிடுவேன்னு நினைச்சேன். அன்னிக்கு நீ எவ்வளவு சந்தோஷமா இருந்தே!"

"இருந்தேன்," என்றாள். "அதை நினைச்சாத்தான் இப்ப குமட்டுது."

"தப்புதான். ஒத்துக்கறேன். அதுக்காக..."

"உன் அக்கா ஹஜ்ரத்துக்குத் தட்டை நீட்டினாங்க. அவங்களுக்கு அவர் யாரோ. எனக்கு நீ ஊட்டினே."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை நீ என்றதில்லை. அவன் கை கதவிலிருந்து தானாக இறங்கியது.

"ட்ரம்மை அழிக்கும்போது நான் வந்து நிப்பேன். அது அவர் என் மேல வச்ச நம்பிக்கைக்காக. என்னிக்குன்னு பேச உன் அக்காவை எங்கம்மா வீட்டுக்கு அனுப்பு," என்று கதவைச் சாத்தினாள். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. "நீ வராதே."